வேதியர் ஒழுக்கமும் குருப்பட்டமும்: ஆவூர்ப் பின்புலத்தில் சமய அதிகாரம் குறித்த ஒரு வாசிப்பு

வீரமாமுனிவரின் 'வேதியர் ஒழுக்கம்' (1727) தமிழ் உரைநடை வரலாற்றில் தவறாது குறிக்கப்படும் நூல். ஆயின் அக்குறிப்பு பெரும்பாலும் நடையைப் பற்றியதாகவே நின்றுவிடுகிறது. பட்டம் பெறாத ஒருவர் எந்த உரிமையால் சமயம் போதிக்கிறார் என்னும் வினாவோடு அணுகினால், அறவுரைத் தொகுப்பாகத் தோன்றும் இந்நூல் சமய அதிகாரத்தைப் பற்றிய நூலாகவும் புலப்படும்.

மதுரை மறைபரப்புத் தளத்தில் திருப்பலி நிறைவேற்றலும் பாவசங்கீர்த்தனம் கேட்டலும் குருப்பட்டம் பெற்றோர்க்கே உரியன. வேதியர் மறையுரைத்தார்; செபங்கள் கற்பித்தார்; ஞானஸ்நானத்துக்கு மக்களை ஆயத்தம் செய்தார்; சாவு நெருங்கியவர்க்குத் தாமே ஞானஸ்நானம் அளிக்கவும் செய்தார். ஒரு குரு பல ஊர்களைச் சுற்றிவர வேண்டியிருந்த நிலையில் ஊரார் அன்றாடம் கண்ட சமயத் தலைமை வேதியரே. பெயரையும் கவனிக்க வேண்டும். அந்தணரைக் குறித்து வந்த சொல் அது. கிறித்தவம் 'சத்திய வேதம்' எனப்பட்டபோது அதனை உரைத்தவர் வேதியரானார். சடங்குரிமை தராத மதிப்பைச் சொல் தந்தது.

இம்மதிப்பு குருவுக்கு எதிராகவே திரும்பக்கூடும் என்பதற்கு ஆவூர் சான்று. இங்குப் பணித்தளம் அமைத்தவர் புஷே அடிகளார் (1655–1732). அவர் கட்டிய பழைய கோயிலுக்கு 1547 என ஆண்டு தரும் குறிப்புகள் உலவுகின்றன. அவர் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முந்திய அவ்வாண்டை ஆய்வாளர் எடுத்தாளலாகாது. சேசு சபையினரின் மடல்கள் ஒரு நிகழ்வைக் கூறுகின்றன. மங்கம்மாள் ஆட்சியில் (1689–1706), புஷே அடிகளாரால் விலக்கப்பட்ட வேதியர் மூவர் குருமார்மீது அரசிடம் குற்றம் சாட்டினர். குருமார் பரங்கியர் என்பது அவற்றுள் ஒன்று. அடிகளார் பூகோள உருண்டை உள்ளிட்ட பரிசில்களோடு தளவாய் நரசப்பையாவைக் காணச் சென்று மதிப்புடன் வரவேற்கப்பட்டார். இதனைக் குருவின் வெற்றியாக மட்டும் காண்பது போதாது. வேதியரை நீக்கும் உரிமை குருவிடம் இருந்தது உண்மையே. ஆனால் அந்நீக்கத்தை ஊரறிய நிலைநிறுத்த அரசவையின் ஆதரவு வேண்டியிருந்தது. மேலும், நிகழ்வைப் பதிவு செய்தவர்கள் குருமாரே.

வீரமாமுனிவரும் ஆவூரில் பணியாற்றியவர். அவர் வேதியரிடம் வேண்டுவது 'ஒழுக்கம்' என்பதன் அழுத்தம் இங்கேதான் விளங்குகிறது. கத்தோலிக்கக் கோட்பாட்டின்படி, குரு தகுதியற்றவராயினும் அவர் முறைப்படி நிறைவேற்றும் தேவத்திரவிய அனுமானம் செல்லும். பட்டம் தனிமனிதக் குறையினும் வலியது. வேதியருக்கு அப்புகலிடம் இல்லை. ஒழுக்கம் தவறினால் அவர் சொல்லுக்கு எஞ்சும் வலிமை யாது? எனவே ஒழுக்கம் என்பது அவருக்கு நற்பண்பாக மட்டுமன்றிப் பதவியின் ஒரே முதலாகவும் ஆகிறது. அதனை அளக்கும் கோலோ குருவின் கையில் இருக்கிறது. இவ்வாறு, வேதியரை உயர்த்தும் நூலே அவரைக் கட்டுப்படுத்தும் நூலாகவும் அமைகிறது. நடைநோக்கு ஆய்வுகள் தவறவிட்டது இவ்விரட்டைத் தன்மையையே.

பதவிக்கும் பணிக்கும் உள்ள உறவு எங்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. 1830இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் நிறுவிய மார்மன் சபையில் 'போதகர்' என்பது ஆரோனியக் குருத்துவத்தின் ஒரு படி. முறைப்படி திருநிலை பெற்றும் அவர் ஞானஸ்நானம் கொடுக்க இயலாது. திருநிலை பெறாத நம் வேதியரோ இக்கட்டில் கொடுக்கலாம்.

தரங்கம்பாடி லுத்தரன் சபை வேறு வழி கண்டது. அச்சபையை மறுத்து வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' (1728) எழுதினார். ஐந்தாண்டு கழித்து, 1733இல், அங்கு உபதேசியாராக இருந்த ஆரோன் குருப்பட்டம் பெற்றார். கத்தோலிக்க வேதியரிடம் ஒழுக்கம் கேட்கப்பட்ட அதே தலைமுறையில், கடற்கரையில் ஓர் உபதேசியாருக்குப் பட்டமே தரப்பட்டது. சமயப் பூசல் இலக்கியமாக வாசிக்கப்படும் இந்நூல்களை இப்பதவிப் போட்டியோடு சேர்த்து வாசிக்கும் பணி தொடங்கப்பட வேண்டும்.