இரண்டாவது பெட்டிக்கு எவ்வளவு?

வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் மூன்று ஷிஃப்டாக ஓடுகின்றன. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர் பகலில் முன்னறையில் படுத்திருப்பார். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் கார்ட்டூன் கேட்பார்கள். மாலையானால் பாட்டிக்கு சீரியல் வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் இரண்டாவது டிவியை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. நடுவறைக்குப் புதிய எல்.இ.டி. வந்ததும் பழைய டிவி பின்னறைக்குப் போகும். 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த பெட்டிகளும் பல வீடுகளில் இப்படித்தான் இடம் மாறின. அந்தப் பின்னறை டிவிக்கும் மாதாமாதம் தனிச் சந்தா கேட்பது நியாயமா?

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. திண்டுக்கல் சமவெளியில் மொட்டைமாடி ஆன்டெனாவை மேற்கே கொடைக்கானல் மலைப் பக்கம் திருப்பி வைத்தால் தூர்தர்ஷன் தெரியும். எந்த வீட்டில் எத்தனை டிவி ஓடுகிறது என்பது மலைமேல் இருந்த கோபுரத்துக்குத் தெரியாது. பிறகு கேபிள் வந்தது. வீட்டுக்குள் வந்த ஒயரில் ஒரு ஸ்பிளிட்டரை மாட்டினால் இரண்டு டிவி ஓடும். சிக்னல் பாதியாகப் பிரிவதால் படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும், அவ்வளவுதான். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் டிவி மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தொடங்கியபோதும் ஒயர்களில் ஓடியது இந்த அனலாக் சிக்னல்தான்.

கணக்கை மாற்றியது செட்டாப் பாக்ஸ். டிஜிட்டல் முறையில் ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி எண் உண்டு. எந்தப் பாக்ஸில் எந்தச் சேனல் திறக்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே முடிவு செய்கிறார்கள். அதனால் சந்தாதாரர் என்ற சொல்லின் பொருளும் மாறியது. முன்பு அது ஒரு வீடு. இப்போது அது ஒரு பாக்ஸ்.

கேபிள்காரர்கள் தரப்பில் வலுவான நியாயங்கள் உண்டு. இரண்டாவது பாக்ஸை யாரோ காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். அதைத் திறந்துவிடும் மென்பொருளுக்கும் உரிமக் கட்டணம் உண்டு. ரிமோட் வேலை செய்யவில்லை, படம் உறைகிறது என்று அழைப்பு வந்தால் லைன்மேன் அந்த டிவிக்கும் வர வேண்டும். டிடிஎச்சிலும் இதே நிலைதான். குடையில் உள்ள எல்.என்.பி. கருவிக்கு ஒவ்வொரு பாக்ஸும் தனித்தனியே மின்னழுத்தம் அனுப்பித் தனக்கு வேண்டிய அலையைக் கேட்கிறது. ஒரே ஒயரைச் சாதாரண ஸ்பிளிட்டரால் பிரித்தால் ஒரு டிவியில் சேனல் மாற்றும்போது மற்றதில் படம் போய்விடும். ஆகவே இரண்டாவது அறைக்கு வேறு எல்.என்.பி.யும் வேறு ஒயரும் தேவைப்படுகின்றன.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டாவது பாக்ஸ் இலவசம் என்றால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருக்களில் அது அடுத்த வீட்டுக்குப் போக அதிக நாளாகாது. அந்த இழப்பு முதலில் விழுவது தெருத்தெருவாக வசூலுக்குப் போகும் சிறிய ஆபரேட்டரின் தலையில்.

இந்த நியாயங்கள் எல்லாம் கருவிக்கும் உழைப்புக்கும் உரியவை. மாத பில்லில் அவை தவிர வேறொன்றும் சேர்கிறது. அங்கேதான் இந்த முறை தவறுகிறது.

பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, சிக்னலைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான இணைப்புக் கட்டணம். மற்றது, கட்டணச் சேனல்களின் விலை. 2020 ஜனவரியில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முதல் பகுதியில் தலையிட்டது. 200 சேனல்களுக்கு இணைப்புக் கட்டணம் 130 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றது. ஒரே வீட்டில், ஒரே பெயரில் உள்ள இரண்டாவது இணைப்புக்கு அதில் 40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்றது. அதாவது 52 ரூபாய். ஒயர் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, அதற்கான செலவை இரண்டாம் முறை வசூலிக்கக்கூடாது என்பதை ஏற்ற நல்ல விதி அது.

ஆனால் சேனல் விலை பாக்ஸ் கணக்கிலேயே நின்றது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அவர்கள் விரும்பும் தமிழ்ச் சேனல்களுக்கு மாதம் 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பாக்ஸுக்கும் சேர்த்து 130, 52, 60, 60 என மொத்தம் 302 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 356 ரூபாய். சேனல் விலையை வீட்டுக்கு ஒரு முறை மட்டும் வாங்கினால் இது 286 ரூபாயாகக் குறையும். வித்தியாசம் மாதம் 70 ரூபாய்க்கு மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 850. அதே குடும்பம், அதே சேனல்கள். ஒளிபரப்பு நிறுவனத்துக்கு இரண்டாவது பாக்ஸால் ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

இரண்டாவது பாக்ஸுக்குக் குறைவான சேனல்களைத் தேர்ந்தெடுக்கலாமே என்று பதில் வரலாம். அந்தச் சுதந்திரம் உண்மையிலேயே பயனுள்ளது. பாட்டியின் அறைக்கு நான்கு தமிழ்ச் சேனல் போதும், விளையாட்டுச் சேனல் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. ஆனால் இரண்டு அறையிலும் வேண்டியது ஒரே சீரியல் சேனலாக இருக்கும்போது தேர்வு எதையும் மிச்சப்படுத்துவதில்லை.

2024 ஜூலையில் நிலைமை மேலும் தளர்ந்தது. இணைப்புக் கட்டணத்துக்கான உச்சவரம்பை டிராய் நீக்கி, விலையைச் சந்தையிடம் விட்டது. கட்டணங்களை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் உண்டு. முதல் இணைப்புக்கே உச்சவரம்பு இல்லாதபோது, அதில் இத்தனை விழுக்காடு என்று பேசுவதற்குப் பிடிமானமே இல்லை. ஒரே ஒரு கேபிள்காரர் உள்ள கிராமத்தில் சந்தை என்பது அவர் சொல்லும் விலைதான்.

வேறு வழிகள் இல்லாமலில்லை. பிரிட்டனில் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் முகவரிக்கு ஒன்று. அந்த வீட்டில் எத்தனை டிவி இருந்தாலும் அதே தொகைதான். நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவிலும் வீட்டுக்கு வெளியே கடவுச்சொல் பகிர்வதைத் தடுத்தது. ஆனால் அதன் திட்டங்களில் கணக்கிடப்படுவது ஒரே நேரத்தில் ஓடும் திரைகளின் எண்ணிக்கை. சும்மா நிற்கும் டிவிக்கு அங்கே காசில்லை. பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ்ஷில் குடையும் பாக்ஸும் வாங்கிவிட்டால் மாதச் சந்தாவே கிடையாது. முன்னணித் தமிழ்ச் சீரியல் சேனல்கள் அதில் வராததால்தான் நம் வீடுகள் அதோடு நின்றுவிட முடிவதில்லை.

இரண்டாவது டிவிக்குக் கட்டணமே கூடாது என்று வாதிட்டால் அது லைன்மேனின் கூலியில் கைவைப்பதாகும். பாக்ஸுக்கும் பராமரிப்புக்கும் ஒரு சிறு தொகை வாங்கட்டும். அதற்கு உச்சவரம்பு ரூபாயிலேயே சொல்லப்படட்டும். சேனல் விலை வீட்டுக்கு ஒரு முறை மட்டும் என்று விதி திருத்தப்படட்டும். அண்டை வீட்டுக்குப் போகும் பாக்ஸைத் தடுக்க, ஒரே முகவரி என்பதை லைன்மேன் நேரில் வந்து உறுதிசெய்தாலே போதும். தமிழ்நாட்டில் இதை முதலில் செய்து காட்டும் கடமை பொதுமக்களின் நிறுவனமான அரசு கேபிளுக்கே அதிகம். 70 ரூபாயில் தொடங்கியபோது தனியார் கட்டணங்களுக்கு எதிரே ஒரு மாற்றாக வந்த நிறுவனம் அது. வேடசந்தூர் வீட்டின் பின்னறையில் இருக்கும் டிவியையும் அதே கணக்கில் சேர்த்து, அதற்கான விலையை வசூல் ரசீதில் தனி வரியாக அச்சிட்டுத் தரட்டும்.