சுமைகூலி முக்கால் பணம்

2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 சேவையைத் திறந்தது, கோப்புகளைப் போட்டுவைக்க. நிரலாளர்கள் அதில் வேறொன்றைப் பார்த்தார்கள். பெயர் சொல்லிக் கொடுத்தால் வாங்கி வைக்கிறது, அதே பெயரைச் சொன்னால் திருப்பித் தருகிறது. சாவி, மதிப்பு. தனியாக டேட்டாபேஸ் எதற்கு?

கேள்வியில் நியாயம் உண்டு. ஒவ்வொரு பயனரின் விருப்பத்தேர்வையும் "பயனர்/48213/அமைப்பு" என்ற சாவியில் வைத்தால் பார்த்துக்கொள்ள சர்வர் இல்லை, டிஸ்க் நிரம்பும் பயமும் இல்லை. 2020 டிசம்பரிலிருந்து, எழுதி முடித்த மறுகணமே புதிய மதிப்பு படிக்கக் கிடைக்கிறது. அரிதாக எழுதி அடிக்கடி படிக்கும் வேலைக்கு இதைவிட எளிய வழி சொல்வது கடினம்.

அடிக்கடி எழுதத் தொடங்கினால் கதை மாறும். வர்ஜீனியா வட்டார விலையில் ஒரு ஜிபியை மாதம் முழுக்க வைத்திருக்க 0.023 டாலர், ஆயிரம் முறை எழுத 0.005 டாலர். ஒரு சென்சார் நொடிக்கொரு தடவை 1 கேபி எழுதினால் 30 நாளில் சுமார் 26 லட்சம் தடவை. சேர்ந்த சரக்கை வைத்திருக்க மாதம் 6 சென்ட். அதைக் கொண்டுபோய் வைத்ததற்கு 13 டாலர். சுண்டைக்காய் கணக்கேதான்.

தேடலும் இடறும். "போன வாரம் மொழியை மாற்றியவர்கள் யார்?" என்று எஸ்3-இடம் கேட்க முடியாது, அதற்குச் சாவி மட்டுமே தெரியும். பட்டியல் கேட்டாலும் ஒரு தடவைக்கு 1,000 பெயர்தான். பத்து லட்சம் சாவிகளுக்கு ஆயிரம் நடை. சாய்கோடு போட்டுப் பிரித்த "ஃபோல்டர்"களும் கண்துடைப்பு, அவை பெயரின் எழுத்துகளே.

எல்லாவற்றையும்விட மோசமானது, இருவர் ஒரே சாவியைத் தொடுவது. கையிருப்பு 10 என்று இரண்டு கவுண்டர்களும் படிக்கின்றன, ஆளுக்கொன்று விற்று இரண்டும் 9 என்று எழுதுகின்றன. ஒரு விற்பனை சத்தமில்லாமல் காணாமல் போகிறது. சர்வர் முதலானவற்றை நிரலாக எழுதி உருவாக்கும் கருவியான டெர்ராஃபார்மின் பயனர்கள் இதற்குப் பயந்தே, உருவாக்கியவற்றைக் குறித்துவைக்கும் நிலைக்கோப்பை எஸ்3-இல் வைத்துவிட்டு, பூட்டுக்கென்று டைனமோடிபியில் ஒரு டேபிள் வைத்திருந்தார்கள்: டேட்டாபேஸ் வேண்டாமென்று போனதற்குக் காவலாக ஒரு டேட்டாபேஸ்!

2024-இல் நிபந்தனையோடு எழுதும் வசதி வந்தது. சாவி ஏற்கெனவே இருந்தாலோ, படித்த பிறகு மதிப்பு மாறியிருந்தாலோ எஸ்3 மறுத்துவிடும். மறுபடி படித்து, மறுபடி முயல்வது நிரலாளர் பாடு. அந்த ஆண்டே டெர்ராஃபார்ம் 1.10 பூட்டையும் எஸ்3-இலேயே ஒரு கோப்பாக வைக்கத் தொடங்கியது. பூட்டிய கணினி பாதியில் செத்தால் அந்தக் கோப்பு அங்கேயே கிடக்கும், யாராவது வந்து கையால் திறந்துவிடும் வரை.