சித்தன்னவாசலில் இரண்டு காவி

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. பாண்டியர் காலத்துச் சமண ஓவியம், 9ஆம் நூற்றாண்டு. மீன், அன்னம், எருமை, யானை எல்லாம் அந்தக் குளத்தில் உண்டு. நடுவே மூன்று ஆடவர் பூப்பறிக்கிறார்கள்.

இந்த மூவரின் மேனி நிறத்தைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். சேர்ந்து நிற்கும் இருவர் கருஞ்சிவப்பு. தோளில் தாமரைத் தண்டுகளைச் சாய்த்தபடி தனியே நிற்பவர் பொன்மஞ்சள். சிவப்புக்குச் செங்காவி, மஞ்சளுக்கு மஞ்சள் காவி. இரண்டுமே இரும்பு ஏறிய மண்தான். மஞ்சள் காவியில் இரும்போடு நீரும் பிணைந்திருக்கும். நெருப்பில் வாட்டினால் அந்த நீர் பிரிந்து, மண் சிவந்துவிடும். ஆக, ஒரே உலோகத்தின் இரு நிலைகள் இங்கே இரு வேறு மனிதர்களாக நிற்கின்றன. என்ன சிக்கனம், என்ன துணிச்சல்! அந்த வட்டாரமே செம்மண் பூமி. நடந்து வந்த காலில் ஒட்டியிருக்கும் நிறத்துக்கு உறவான நிறம் தலைக்கு மேலே உயிரோடு நிற்பதைக் காண்பது எனக்குத் தீராத மகிழ்ச்சி.

இலைகளுக்கு இட்டது பச்சை மண். அதற்கு வலுக் குறைவு. எத்தனை பூசினாலும் பளிச்சென்று எழாது. இந்தக் குளத்துக்கு அந்த அடக்கம்தான் வேண்டும். இலைப்பரப்பு பின்னே ஒதுங்கிக்கொள்ள, மொட்டும் பாதி விரிந்ததும் முழுதும் மலர்ந்ததுமாகப் பூக்கள் முன்னே வருகின்றன. பச்சை கொஞ்சம் உரத்திருந்தால் குளம் முழுக்க இலையாகவே தெரிந்திருக்கும். மஞ்சள் மேனியும் இந்தத் தணிந்த பச்சையை ஒட்டி நிற்பதால்தான் ஒளிர்கிறது.

வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி.

சுண்ணாம்புச் சாந்தின் காரம் பல தாவரச் சாயங்களைத் தின்றுவிடும். மிஞ்சியதை வெளிச்சம் வெளிறச் செய்யும். மண் நிறங்கள் இரண்டையும் தாங்குபவை. சாந்து பெயர்ந்த இடத்தில் ஓவியமும் போயிற்று. சாந்து பிடித்து நிற்கும் இடத்தில் சிவப்பு இன்றும் சிவப்புதான்.

போகிறவர்கள் கைபடாமல் பாருங்கள். கண் அந்த அரையிருட்டுக்குப் பழகும்வரை அவசரப்படாமல் நில்லுங்கள். மஞ்சள் முதலில் தெரியும், பச்சை கடைசியில்தான் வரும்.