ஒற்றைத் தொலைக்கும் இடைவெளி

சிட்னியில் பாலர் மலர் தமிழ்ப் பள்ளி 1977இல் தொடங்கியது. மெல்பர்னில் பாரதி பள்ளி 1994இல். நியூ சவுத் வேல்ஸின் எச்.எஸ்.சி. தேர்விலும் விக்டோரியாவின் வி.சி.இ. தேர்விலும் இன்று தமிழ் ஒரு பாடம். இப்படி வேர்விட்ட தமிழ்க் கல்வியில், நீண்ட தொகைச்சொல்லை இடைவெளி விட்டுப் பிரித்துத் தரும் வழக்கம் நன்மையும் தீமையும் கலந்தது. வாரம் ஒருநாள் தமிழ் படிக்கும் குழந்தைக்கு நீளமான சொல் மலைப்பைத் தரும். பிரித்துத் தந்தால் பழகிய சொற்கள் கண்ணில் படும், வாசிப்பு நிற்காமல் ஓடும். இந்தப் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சிக்கல், பிரிக்கும்போது நடுவிலுள்ள ஒற்றும் உதிர்ந்துபோவதில்தான். 'மருந்துக்கடை' கடையின் பெயர். 'மருந்து கடை' என்றால் மருந்தைக் கடையச் சொல்லும் ஏவல். 'தந்தப்பலகை' யானைத்தந்தத்தால் ஆனது. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. ஆங்கிலம் இத்தகைய வேறுபாட்டை அழுத்தத்தால் காட்டும்: முதற்பகுதியை அழுத்திச் சொன்னால் கிரீன்ஹவுஸ் செடி வளர்க்கும் கூடம், இல்லையேல் பச்சை நிற வீடு. தமிழில் அப்படிப் பொருள் பிரிக்கும் அழுத்தம் இல்லை. அந்த வேலையை இங்கே ஒற்று செய்கிறது. அசை பிரித்தால் இது தெளிவாகும். ஒற்றோடு மருந்/துக்/கடை: அசையின் எல்லையும் சொல்லின் எல்லையும் ஒன்றாகின்றன. ஒற்றை விட்டுச் சேர்த்தால் மருந்/துக/டை: கடையே இரண்டாக உடைகிறது. க் முன்சொல்லின் கடைசி அசையை மூடி, அடுத்த சொல்லுக்கு வாசல் திறக்கிறது.

அதற்காக அசை எல்லா இடத்திலும் வழிகாட்டும் என்று சொல்ல முடியாது. 'ஊறுகாய்' வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது. அசை பிரித்தால் ஊ/றுகாய் என்று சொல்லின் நடுவே வெட்டும். ஆகவே பொருளால் பிரிப்பதே முதன்மை, ஒலி அதற்குத் துணை.

நாளிதழ்களே ஒற்றை விடும்போது குழந்தைகளிடம் எதற்கு இந்தக் கெடுபிடி என்று கேட்கலாம். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வளரும் குழந்தைக்கு எழுத்து தவறவிட்டதைக் காது நிரப்பிவிடும். கடைத்தெரு முழுக்கத் தமிழ் கேட்கிறது. சிட்னியின் வெண்ட்வொர்த்வில்லிலோ மெல்பர்னின் டாண்டெனாங்கிலோ வளரும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு குறைவு. பல சொற்களை அது முதலில் சந்திப்பதே தாளில்தான். காதின் வேலையையும் அங்கே எழுத்தே செய்தாக வேண்டும்.

தொடக்க வகுப்பில் மருந்துக்-கடை என்று ஒற்றுக்குப் பின்னால் சிறு கோடிட்டுப் பிரிக்கலாம், மேல் வகுப்பில் கோட்டை நீக்கிவிடலாம். பாடநூல் எழுதுவோர் எத்தனை துண்டாக வேண்டுமானாலும் பிரிக்கட்டும். ஒற்றை மட்டும் முன்சொல்லோடு விட்டுவைக்க வேண்டும்.