பொழுதை இழந்த மாவீரன்

நான் கடைக்காரன். கல்லாவில் உட்கார்ந்து, வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

ரிச்சர்ட் டோனர் இயக்கி 1978-ல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தைப் பேரனுடன் மறுபடி பார்த்தேன். முடிந்ததும் அவன், “இவரு எதுக்குத் தாத்தா வந்தாரு?” என்று கேட்டான். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. யோசித்தால், குற்றம் பிள்ளையிடம் இல்லை, படத்தில் இருக்கிறது.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். இப்படம் நிலத்தை வைத்துக்கொண்டு பொழுதைக் கைவிட்டது.

சூப்பர்மேன் பிறந்தது 1938 ஜூன் மாத ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில். படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர். இருவரும் பிழைக்க வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அமெரிக்காவில் 1933-ல் நாலு பேருக்கு ஒருவர் வேலையின்றி நின்றார். அந்தப் பஞ்சம் முழுசாகத் தீராத காலம் அது. அன்றைய சூப்பர்மேனுக்குப் பறக்கக்கூடத் தெரியாது, தாவத்தான் தெரியும். ஆனால் யாரைத் தட்டிக் கேட்பது என்று தெரியும். முதல் இதழிலேயே மனைவியை அடிப்பவனைப் புடைக்கிறான். அரசியல்வாதியை விலைபேசும் தரகனை மிரட்டுகிறான். மூன்றாம் இதழில், தொழிலாளிக்குப் பாதுகாப்பு செய்யாத சுரங்க முதலாளியை அதே சுரங்கத்தில் அகப்பட வைக்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், படம் இதையெல்லாம் அறியும். தொடக்கத்தில் கறுப்பு வெள்ளையில் 1938 ஜூன் என்று காட்டி, ஒரு குழந்தையின் குரலில் அந்தப் பொருளாதார வீழ்ச்சியையும் சொல்கிறது. ஆனால் கதை மெட்ரோபோலிஸ் நகருக்கு வரும்போது 1970-கள் ஆகிவிடுகின்றன. வில்லன் லெக்ஸ் லூதர் பாலைவன நிலத்தை வாங்கிப்போட்டு, கலிஃபோர்னியாக் கரையைக் கடலில் மூழ்கடித்து விலையேற்றப் பார்க்கிறான். 1938-ல் வைத்திருந்தால் அது குடியிருப்பவன் வயிற்றில் அடிக்கும் நிலப்பேராசை. இங்கே சிரிப்புக் காட்சியாகப் போய்விட்டது.

டோனர் பக்கமும் நியாயம் உண்டு. உடை மாற்ற ஓடுகிறவன், மூடிய தொலைபேசிக் கூண்டு கிடைக்காமல் பாதித் தடுப்பைப் பார்த்து விழிக்கும் காட்சி, காலம் மாறியதால் கிடைத்த லாபம். கிறிஸ்டோபர் ரீவின் வெள்ளந்திச் சிரிப்பு அந்தச் சூதுவாது நகரத்தில்தான் எடுபடுகிறது. ஆனால் வரவைவிடச் செலவு அதிகம்.

பழங்காலத்தில் வைத்தாலே போதுமா? போதாது. 2011-ல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா’ படம் 1940-களில்தான் நடக்கிறது. ஆனால் அவ்வீரன் ஹிட்லரைக் குத்தும் அட்டைப்படம் 1940 டிசம்பரிலேயே கடைக்கு வந்தது. அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஓராண்டு இருந்தது. படத்தின் முதன்மைக் கதையோ போரில் இறங்கிய பிறகு, 1942-ல் தொடங்குகிறது. அடி அதே அடிதான், துணிச்சல் குறைந்துபோச்சு.

இன்னொரு கணக்கும் உண்டு. சீகலும் ஷூஸ்டரும் 1938-ல் தங்கள் வீரனை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1975-ல்தான் ஆண்டுத்தொகையும், படைத்தவர் என்ற பெயரும் கிடைத்தன. 1978 படத்தின் எழுத்துகளில் அவ்விருவர் பெயரும் வருவதைப் பார்த்து என் கண் கலங்கியது. பெயர் திரும்பி வந்தது. அவர்கள் வாழ்ந்த காலம் வரவில்லை.

பேரனுக்கு மறுநாள் சொன்னேன்: “கேக்க நாதியில்லாதவங்களுக்காக வந்தாருப்பா. படத்துல அவங்களைக் காட்ட மறந்துட்டாங்க.”