முற்றுகையில் மொழித்தேர்வு: ரப்சாக்கேயின் உரை

கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதா நாட்டின்மீது படையெடுத்தான். இதனைக் கூறும் இரண்டாம் இராஜாக்கள் நூலின் 18ஆம் அதிகாரம் பெரிதும் வரலாற்றுச் சான்றாகவே நோக்கப்படுகிறது. திறைப்பொருளாக அசீரியக் களிமண் பட்டகம் 30 தாலந்து பொன்னையும் 800 தாலந்து வெள்ளியையும் குறிக்க, விவிலியம் பொன்னளவில் ஒத்து, வெள்ளியை 300 தாலந்து என்கிறது. இத்தகைய ஒப்பீட்டோடு அமையும் வாசிப்பு அப்பகுதியின் மொழிநுட்பத்தைத் தவறவிடுகிறது.

எருசலேமின் மதிற்புறத்தே நின்று ரப்சாக்கே யூத மொழியில் பேசுகிறான். ரப்சாக்கே என்பது இயற்பெயரன்று. தலைமைப் பானபாத்திரக்காரனைச் சுட்டும் அக்காதியப் பதவிப்பெயர். எசேக்கியாவின் அலுவலர் மூவரும் அவனை அரமேயத்தில் பேசுமாறு வேண்டுகின்றனர். அரமேயம் அந்நாளில் மேற்காசியாவின் ஆட்சித் தொடர்புமொழியாகப் பரவிவந்தது; அலுவலர் அறிந்தது, மதில்மேலிருந்த மக்களுக்கு எட்டாதது. தூதனோ வேண்டுகோளை மறுத்து, உரத்த குரலில் மக்களையே விளிக்கிறான். பகைவன் மக்கள்மொழியை ஆள, மக்களின் அலுவலர் அயல்மொழியை நாடுகின்றனர். இம்முரணே இப்பகுதியின் உயிர்நிலை எனலாம்.

'நம்புதல்' எனப் பொருள்படும் எபிரேய வேர்ச்சொல் அவனுரையில் பன்முறை பயில்கிறது. அதே சொல்லால் ஆசிரியர் முன்னரே (18:5) எசேக்கியாவைப் போற்றியுள்ளமை கருதத்தக்கது. ஆகவே இவ்வுரையை ஒரு தூதனின் வாய்மொழிப் பதிவு எனக் கொள்வது பொருந்தாது. யாரை நம்புவது என்னும் தம் வினாவையே ஆசிரியர் பகைவன் வாயில் வைத்துள்ளார். மக்கள் அரசாணைப்படி மறுமொழி கூறவில்லை. மொழி புரிந்தும் அவர்கள் காத்த மௌனமே அவ்வினாவுக்கு விடையாகிறது.