எண்பதில் எடுபடாத ஹார்ன்

பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து, துரைப்பாக்கத்தில் ஓ.எம்.ஆரைத் தொடும் 200 அடி ரேடியல் சாலை கோவிலம்பாக்கம் வழியாகப் போகிறது. காலை ஏழு மணிக்கு முன்னால் அதில் பைக்குகள் சர்வ சாதாரணமாக எண்பதில் பறக்கும். அங்கிருந்து மேடவாக்கம் மெயின் ரோட்டுக்குத் திரும்பினால் மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புகளுக்கு நடுவே அதே பைக் இருபதில் ஊர்கிறது. பைக் ஒன்றுதான், ஹார்னும் ஒன்றுதான். முதல் சாலையில் அது யார் காதிலும் விழுவதில்லை. இரண்டாவது சாலையில் காதைப் பிளக்கிறது. பைக் ஹார்ன் சத்தம் போதுமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். எந்த வேகத்தில், யார் காதுக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் தொலைவில் 105 டெசிபல் காட்டும் ஹார்ன் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டரில் 99, எட்டில் 93, முப்பத்திரண்டில் 81, அறுபத்து நான்கில் 75. முன்னால் போகும் காரின் கண்ணாடி ஏற்றியிருந்தால் அதில் இன்னொரு 25 டெசிபலாவது கழியும். உள்ளே ஏசி, பாட்டு, டயர் இரைச்சல் எல்லாம் சேர்ந்து எழுபதை ஒட்டி நிற்கும். ஆக, பத்து மீட்டர் நெருங்கும் வரை கார்க்காரருக்கு நாம் இருப்பதே தெரியாது.

முன்னால் போகும் கார் அறுபதிலும் நாம் எண்பதிலும் போனால், அந்தப் பத்து மீட்டரைக் கடக்க இரண்டு விநாடிகூட ஆகாது. சத்தம் காதில் விழுந்து, அது தனக்குத்தான் என்று புரிந்து, கண்ணாடியைப் பார்க்க ஒரு மனிதருக்கு ஒன்றரை விநாடி வேண்டும். மிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சர்வீஸ் சாலையிலிருந்து ஒரு கார் குறுக்கே நுழைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். எண்பதில் விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். காய்ந்த சாலையில், நல்ல பிரேக்கோடு, சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்து வண்டி நிற்க எழுபது மீட்டர் ஆகும். எழுபது மீட்டரில் நம் ஹார்ன் அந்தக் காருக்குள் போய்ச் சேராது. சேரும்போது நிற்க இடமிருக்காது.

ஆனாலும் ஹார்ன் வீண் என்று தள்ளிவிட மாட்டேன். நம் ஊர் லாரிகளின் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இருவழிச் சாலையில் முந்துவதற்கு முன்னால் போகிறவரின் சம்மதம் வேண்டும். ஹார்ன் கேள்வி, டிரைவர் கையை அசைப்பது பதில். கொண்டையூசி வளைவில், தெருமுனையில், பின்பக்கம் பார்க்காமல் ரிவர்ஸ் வரும் ஆட்டோவிடம் அது இன்றைக்கும் உயிரைக் காக்கிறது. முப்பது நாற்பதுக்குக் கீழே, காது திறந்திருக்கும் மனிதரிடம் ஹார்ன் நன்றாகவே பேசும். பல தடங்கள் கொண்ட சாலையில்தான் கதை மாறுகிறது. அங்கே யாரும் யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை. இடமும் வலமும் முந்துகிறார்கள், முந்தும்போது பழக்கத்தில் கட்டைவிரல் அழுத்துகிறது. எல்லோரும் எப்போதும் அழுத்துவதால் எந்த ஹார்னுக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்குப் பைக்காரர்கள் கண்டுபிடித்த வழி சங்கு ஹார்ன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கிவந்து, பக்கத்து மெக்கானிக்கிடம் ஜோடியாக மாட்டிக்கொள்கிறார்கள். "தம்பி, ரிலே போடாம மாட்டினா சுவிட்ச் கருகிடும்" என்பார் விவரம் தெரிந்தவர். அவர் சொல்வது சரி. ஜோடி சேர்ந்து ஏறக்குறைய பத்து ஆம்பியர் இழுக்கும். நூறு சிசி வண்டியின் மெல்லிய வயரும் சின்ன சுவிட்சும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இதில் ஒரு ஏமாற்றமும் இருக்கிறது. ஒரே திறனுள்ள இரண்டு ஹார்ன் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல்தான்; காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 வேண்டும்.

அந்தப் பத்தும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கேட்கும் தூரம் மூன்று மடங்காகும், பத்து மீட்டர் முப்பதாகும். முந்தும்போது கையில் ஐந்து விநாடி. இது சின்ன லாபம் இல்லை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதே பைக் அரை மணி நேரத்தில் பள்ளி வாசலில் நிற்கும். இரண்டு மீட்டர் தள்ளி ஒரு குழந்தை 115 டெசிபலைக் கேட்கும். முன்னே போகிறவரின் ஐந்து விநாடிக்குக் குழந்தையின் காது விலையாவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. குறுக்கே நுழையும் காருக்கோ அந்தப் பத்து டெசிபலும் போதாது. அங்கே பிரேக் மட்டும்தான்.

சத்தம் குறைந்த ஹார்ன்களில் பாதிக்கு வைத்தியம் மிகச் சாதாரணமானது. ஹார்னுக்குள் ஒரு மின்காந்தம் தகட்டை இழுக்கிறது, இழுத்ததும் தொடுமுனை விலகி மின்சாரம் அறுபடுகிறது, தகடு திரும்புகிறது. விநாடிக்குச் சில நூறு முறை இது நடக்கிறது. எர்த் வயர் துருப்பிடித்து மின்னழுத்தம் இறங்கினாலும், தொடுமுனை தேய்ந்தாலும் கொசு சத்தம்தான் வரும். வயரைச் சுத்தம் செய்து, பின்புறம் இருக்கும் திருகைக் கால் சுற்று முன்னும் பின்னும் திருப்பினாலே பழைய குரல் திரும்பிவிடும். முன் மட்கார்டுக்குப் பின்னால் சேறு அப்பிக்கொண்டு தரையைப் பார்த்துக் கத்தும் ஹார்னை முன்னோக்கித் திருப்பி வைத்தாலும் பலன் உண்டு. புதுசு வாங்கத்தான் வேண்டுமென்றால், ஹார்ன் தயாரிப்பில் பெயர் வாங்கிய ரூட்ஸ் நம் கோவைக்காரர்கள்தான்.

சட்டத்தின் பக்கம் வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆவது விதி, பலகுரல் ஹார்னையும் கடூரமாகக் கத்தும் கருவிகளையும் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 194எஃப் பிரிவு, தேவையில்லாமல் ஹார்ன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்து 2,000 ரூபாய் அபராதம் என்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். பெரிய மருத்துவமனைகள் ரேடியல் சாலையின் ஓரத்திலேயே இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் அதிகச் சத்தத்தைப் பற்றிய கவலை. குறைந்த சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை. ஐ.நா.வின் வாகன விதிகளில் 28-ஆவது விதி, ஏழு கிலோவாட்டுக்கு உட்பட்ட பைக்குகளுக்கு ஏழு மீட்டர் தொலைவில் 83 டெசிபல் இருந்தாலே போதும் என்கிறது; கார்களுக்கு விதிக்கும் குறைந்தபட்சம் அதைவிடக் கூடுதல். ஸ்ப்ளெண்டரும் ஆக்டிவாவும் ஆறு கிலோவாட்டைக்கூடத் தொடுவதில்லை. இந்தியாவில் 2022-இல் சாலை விபத்தில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதிகம் அடிபடுகிறவருக்கே குறைந்த குரல் போதும் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. உச்சவரம்பைத் தொடாமல் கீழ்வரம்பை மட்டும் உயர்த்தலாம்.

பழைய பிரெஞ்சுக் கார்களில் ஊருக்கு ஒரு ஹார்ன், நெடுஞ்சாலைக்கு ஒரு ஹார்ன் என இரண்டு நிலை உண்டு. இங்கே அது வந்தால், எதிரே வண்டி வரும்போது ஹெட்லைட்டை டிம் செய்யாத நம் ஆட்கள் எந்த நிலையில் வைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தில் வெளிச்சம்தான் முந்தும். 2017 ஏப்ரலிலிருந்து புதிய இருசக்கர வாகனங்களில் பகலிலும் முகப்பு விளக்கு எரிகிறது. அது கண்ணாடியைப் பார்க்கிறவருக்கு எழுபது மீட்டரிலேயே தெரியும், பாஸ் சுவிட்சைத் தட்டினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால் ஹார்ன் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை. சொந்த உபயோகப் பைக்கின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும் நாள் வரை ஹார்னின் பின்புறத் திருகைச் சட்டப்படி யாரும் தொட வேண்டியதில்லை.